மாங்குளம் சந்தியும் மூன்று புரதங்களும்

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கே போகிறவர்கள் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் தாண்டி மாங்குளம் சந்திக்கு வருவார்கள். கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு. மேற்கே திரும்பினால் துணுக்காய், மல்லாவி. நேரே போனால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய்ச் சேரலாம். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் அந்தச் சந்தியில் எங்களுக்கு ஒரு முகவர் இருந்தார். விடியற்புறத்தில் கொழும்பிலிருந்து வரும் பத்திரிகைக் கட்டைப் பிரித்து, மூன்று திசைகளிலும் போகும் பஸ்களில் ஏற்றிவிடுவது அவர் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்றே அழைப்பேன். அவருக்கு நான் தம்பி.

2016ஆம் ஆண்டு ஒரு நாள் அவரைப் பார்க்க மாங்குளம் போயிருந்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. பல வருடங்களாக வயிற்றெரிவு என்று மாத்திரைகளை மென்று காலத்தைக் கடத்தியவர். மகளின் வற்புறுத்தலால் கமராக் குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்திருந்தது. அவர் ஒரு தாளை என் கையில் தந்தார்.

"தம்பி, இதிலை என்ன போட்டிருக்கு? நீர் பேப்பர்காரன், உமக்குத்தான் விளங்கும்."

ஆய்வுகூட அறிக்கை. நோயின் பெயருக்குக் கீழே 'ஹெர்-2' என்று எழுதி, அதற்கு எதிரே 'எதிர்மறை, 1+' என்று குறித்திருந்தார்கள். எதிர்மறை என்ற சொல்லைப் பார்த்ததும் நல்ல செய்திதான் என்று எண்ணினேன். குருதிப் பரிசோதனையிலும் சளிப் பரிசோதனையிலும் அந்தச் சொல் நல்ல செய்திதானே? அப்படியே சொல்லியும் விட்டேன். அவர் முகம் தெளிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார்.

"எத்தினை மாசம் எண்டு அதிலை போட்டிருக்கோ?"

இல்லை என்றேன். அது உண்மை. முதலில் சொன்னதுதான் பிழை. அதைப் பிழையென்று நான் அறிந்துகொண்டபோது அண்ணை உயிரோடு இல்லை.

நாற்பது வருடங்களாகச் செய்தியைச் சரிபார்த்து எழுதுவதே தொழிலாக இருந்த நான், ஒரு நோயாளியிடம் சரிபார்க்காத செய்தியைச் சொல்லிவிட்டேன். அந்த உறுத்தலால்தான் இந்தப் புரதங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை இங்கே வாசகர்களுக்குத் தருகிறேன்.

1847: ஒரே ஆண்டில் இருவர்

உடலில் உள்ள ஒரு புரதம் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் என்ற எண்ணம் மிகப் பழையது. 1845இல் இலண்டனில் ஒரு வியாபாரிக்கு எலும்புகள் மென்மையாகிக்கொண்டு போயின. அவருடைய சிறுநீரில் விசித்திரமான ஒரு பொருள் இருந்தது. சூடாக்கினால் கரைந்தது. ஆறவிட்டால் மீண்டும் திரண்டது. அதை ஆராய்ந்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வைத்தியர் 1847இல் தம் முடிவுகளை வெளியிட்டார். எலும்பு மச்சையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயின் அடையாளம் அது. இன்றும் அது பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்றே வழங்குகிறது. மருத்துவத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட புற்றுநோய்ச் சுட்டி அதுதான்.

அதே 1847இல்தான் அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் இருந்து அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் வைத்தியர்களைப் பயிற்றுவித்து, நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் தந்து 1873இல் நாடு திரும்பியவர். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய அவருடைய நூல்களை இன்றும் நூலகங்களில் காணலாம். நோயைப் பற்றிய அறிவு நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும், மாங்குளத்தில் ஒரு முதியவர் தமக்குப் புரியாத மொழியில் எழுதிய தாளை ஒரு பத்திரிகைக்காரனிடம் நீட்ட வேண்டியிருந்தது.

நாள் கேட்ட நோயாளிகள்

இரைப்பைப் புற்றுநோய்க்கு முதன்முதலில் வெற்றிகரமாகச் சத்திரசிகிச்சை செய்தவர் வியன்னாவின் தியோடர் பில்றோத். 1881 ஜனவரி 29ஆம் திகதி, தெரேசா ஹெல்லர் என்ற 43 வயதுப் பெண்ணின் இரைப்பையில் நோய்ப்பட்ட பகுதியை அகற்றி, மீதியைக் குடலுடன் இணைத்தார். அந்தப் பெண் எழுந்து நடந்தார், சாப்பிட்டார். ஆனால் நான்கு மாதங்களுக்குள் நோய் மீண்டும் பரவி இறந்துபோனார். கத்தி வென்ற இடத்தில் நோய் ஏன் தோற்கவில்லை? யாருக்குத் திரும்பி வரும், யாருக்கு வராது? இந்தக் கேள்வி அன்று பிறந்தது.

1965இல் இரண்டு விடைகள் வந்தன. பின்லாந்தின் பெக்கா லோறன், நுணுக்குக்காட்டியில் பார்த்து, இரைப்பைப் புற்றுநோய் ஒரு நோயன்று, இரண்டு என்றார். ஒன்றில் கலங்கள் கூட்டாக நின்று சுரப்பிகளைப் போல வடிவெடுக்கும். மற்றதில் தனித்தனியாகப் பிரிந்து இரைப்பைச் சுவருக்குள் பரவும். இரண்டாவது கொடியது. அதே ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரில் பில் கோல்ட், சாமுவேல் பிறீட்மன் என்ற இருவர் பெருங்குடற் புற்றுநோயில் ஒரு புரதத்தைக் கண்டனர். கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் அது இருந்தது. சீ.ஈ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அது குருதியிலும் கலந்துவருவது பின்னர் தெரிந்தது. ஒரு துளி குருதியில் புற்றுநோயைப் பிடித்துவிடலாம் என்று உலகப் பத்திரிகைகள் மகிழ்ந்தன.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாவிட்டாலும் சீ.ஈ.ஏ. உயர்ந்தது. இரைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல் அது இயல்பான அளவிலேயே இருந்தது. ஆயினும் ஓர் உண்மை நிலைத்தது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே அளவு உயர்ந்திருந்தவர்களுக்கு விளைவு பொதுவாக மோசமாக இருந்தது. 1979இல் பிலடெல்பியாவில் ஹிலரி கொப்ரொவ்ஸ்கி குழுவினர் கண்ட சீ.ஏ. 19-9 என்ற சுட்டியின் கதையும் ஏறத்தாழ இதுதான்.

இவை நோயாளியின் நாளைக் கணிக்க உதவின. ஆனால் அடுத்து என்ன செய்வது என்று சொல்லவில்லை. சோதிடர் ஆயுள் குறைவு என்று சொல்லிவிட்டுப் பரிகாரம் சொல்லாமல் எழுந்துபோனது போல. மருத்துவர்கள் இந்த இரண்டையும் வெவ்வேறாகவே வைக்கிறார்கள். நோயின் போக்கை மட்டும் முன்சொல்வது ஒரு வகைச் சுட்டி. எந்த மருந்து பலிக்கும் என்று முன்சொல்வது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு உலகம் காத்திருந்தது.

1998

அந்தக் காத்திருப்பு முடிந்த ஆண்டு 1998. நான் அப்போது கொழும்பில் செய்தி மேசையில் இருந்தேன்.

மாங்குளம் என்ற பெயரை அந்த ஆண்டு எழுதிய அளவுக்கு நான் வேறெந்த ஆண்டும் எழுதியதில்லை. 1990 நவம்பரில் அங்கிருந்த இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. 1997 மே 13இல் ஏ-9 வீதியைக் கைப்பற்றவென 'ஜயசிக்குறு' நடவடிக்கையை அரசாங்கம் தொடங்கியது. புளியங்குளத்திலும் கனகராயன்குளத்திலும் மாதக்கணக்கில் போர் நடந்தது. 1998 ஜூன் மாதத்தில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. செப்ரெம்பர் மாத இறுதியில் கிளிநொச்சி புலிகளிடம் வீழ்ந்தது. ஏறத்தாழ அதே நாட்களில் மாங்குளம் இராணுவத்தின் கைக்கு வந்தது. மாங்குளத்து மக்கள் அதற்கு முன்பே மேற்கே மல்லாவிப் பக்கமும் கிழக்கே காடுகளைத் தாண்டியும் போய்விட்டார்கள். அண்ணையும் குடும்பத்தோடு மல்லாவிக்குப் போனார். மருந்துகள் உட்பட எத்தனையோ பொருட்கள் வன்னிக்குள் போவதற்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. அந்த நாட்களில்தான் வயிற்றெரிவு தொடங்கியது என்று அவர் பின்னர் என்னிடம் சொன்னார்.

சில மாதங்களுக்கு முன் அந்த ஆண்டின் எங்கள் பத்திரிகைத் தொகுப்பை நூலகத்தில் இருந்து புரட்டினேன். மாங்குளம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. நான் தேடிப் போன மூன்று செய்திகளில் ஒன்றையேனும் காணவில்லை. அவற்றை நாங்கள் பிரசுரிக்கவேயில்லை.

முதலாவது செய்தி, மார்ச் மாதத்தில் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்தது. நியூசிலாந்தில் ஒரு பெரிய மவோரிக் குடும்பத்தில் முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25 பேர் இரைப்பைப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். இளவயதினரும் அவர்களுள் இருந்தனர். ஏன் எங்களுக்கு மட்டும் என்று அந்தக் குடும்பத்தினரே ஒட்டாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டார்கள். பரி கில்போர்ட் தலைமையிலான குழு காரணத்தைக் கண்டது. கலத்தோடு கலத்தை ஒட்டி வைத்திருக்கும் ஈ-கடெரின் என்ற புரதத்துக்குரிய பரம்பரையலகில் பழுது. பசை இல்லாவிட்டால் கலங்கள் பிரிந்து ஓடும். லோறன் 1965இல் கண்ட இரண்டாவது வகை நோயின் உட்பொருள் இதுதான். அதன் பின்னர் அந்தக் குடும்பத்தில் பழுதான பரம்பரையலகு உள்ளவர்கள், நோய் வருமுன்பே இரைப்பையை அகற்றிக்கொண்டு உயிர்வாழ்கிறார்கள்.

இரண்டாவது செய்தி, ஜப்பானிலிருந்து. கலங்களுக்கிடையே உள்ள இடைவெளியை இறுக மூடும் புரதங்களை ஷொயிச்சிரோ ட்சுகிதாவின் ஆய்வுக்கூடம் அடையாளம் கண்டு, கிளோடின் என்று பெயரிட்டது. 'மூடுதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்த பெயர். இதற்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்கும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மூன்றாவது செய்தி, செப்ரெம்பர் 25ஆம் திகதிக்குரியது. மாங்குளமும் கிளிநொச்சியும் கைமாறிய அதே வாரம். டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்க அரசு அன்று அனுமதி வழங்கியது. அண்ணையின் தாளில் இருந்த ஹெர்-2 என்ற புரதத்தின் கதை இதுதான்.

ஹெர்-2

எங்கள் கலங்களின் மேற்பரப்பில் 'வளர்' என்ற கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் புரதங்கள் உண்டு. ஹெர்-2 அவற்றுள் ஒன்று. சில புற்றுநோய்க் கலங்களில் அதற்குரிய பரம்பரையலகு பல மடங்காகப் பெருகி, கலத்தின் மேற்பரப்பு முழுவதும் அந்தப் புரதம் நிறைந்துவிடும். கட்டளை இல்லாமலே கலம் வளர்ந்துகொண்டிருக்கும். 1984இல் ரொபர்ட் வைன்பேர்க்கின் ஆய்வுக்கூடம் இந்தப் பரம்பரையலகை எலிகளில் இனங்கண்டது. அடுத்த ஆண்டு மனிதரில் கண்டார்கள். 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இரைப்பைப் புற்றுநோயிலிருந்து வளர்த்தெடுத்த கலங்களில் அது பெருகிக் கிடப்பதைக் கண்டனர். மார்பகப் புற்றுநோயில் அதன் முக்கியத்துவத்தை டெனிஸ் ஸ்லேமன் காட்டியது அதற்கு அடுத்த ஆண்டுதான். ஆனால் மருந்து முதலில் மார்பகத்துக்கே வந்தது. இரைப்பை நோயாளிகள் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதம் ஒரு சதைத்துணுக்கில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? 1941இல் அல்பேர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்கர், குறித்த ஒரு பொருளை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளில் ஒளிரும் சாயத்தை ஏற்றிப் பார்த்தார். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே மாதிரியான பிறபொருளெதிரிகளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டார்கள். அதற்காக 1984இல் நோபல் பரிசும் பெற்றார்கள். இன்று ஆய்வுகூடத்தில் சதைத்துணுக்கை மெழுகில் பதித்து, கடதாசியிலும் மெல்லியதாகச் சீவி, அதன்மேல் இந்தப் பிறபொருளெதிரியை ஊற்றுகிறார்கள். புரதம் இருக்கும் இடம் கபில நிறமாகும். நிறத்தின் ஆழத்தைப் பார்த்து 0, 1+, 2+, 3+ என்று புள்ளி இடுகிறார்கள். 3+ என்றால் உண்டு. 0, 1+ என்றால் இல்லை. 2+ என்றால் பரம்பரையலகையே எண்ணிப் பார்க்க வேண்டும்.

'டோகா' என்ற பெயரில் 24 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்திருந்தது. முற்றிய இரைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு 22 பேருக்கு ஹெர்-2 இருந்தது. அவர்களுள் 594 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். வழமையான மருந்துகள் மட்டும் பெற்றவர்கள் நடுக்கணக்காக 11.1 மாதங்கள் வாழ்ந்தனர். டிராஸ்டுசுமாப் சேர்த்துப் பெற்றவர்கள் 13.8 மாதங்கள். 2010இல் 'லான்செற்' சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது. வேறுபாடு மூன்று மாதங்களுக்கும் குறைவுதான். ஆனால் இரைப்பைப் புற்றுநோயில் ஒரு புரதத்தைப் பார்த்து மருந்தைத் தெரிவு செய்யலாம் என்பது முதன்முதலாக உறுதியானது அப்போதுதான்.

ஆகவே இந்த நோயில் 'எதிர்மறை' என்ற சொல்லின் பொருள் இதுதான்: இந்த மருந்து உமக்குப் பலிக்காது. ஐந்து பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்கு அதுவே விடை. அண்ணையும் அந்த நால்வரில் ஒருவர். நல்ல செய்தி என்று நான் சொன்னது, உண்மையில் ஒரு வழி அடைபட்டது என்ற செய்தி.

சதைத்துணுக்கின் பயணம்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்ணைக்கு முதலில் எடுத்த துணுக்குகள் சோதனைக்குப் போதவில்லை என்று மீண்டும் எடுத்தார்கள். அதில் வாரங்கள் கழிந்தன. எந்த இடத்தில் என்பது இங்கு வேண்டாம். யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

மார்பகக் கட்டியைப் போலன்றி, இரைப்பைக் கட்டியில் ஹெர்-2 ஓரிடத்தில் செறிந்தும் அடுத்த இடத்தில் இல்லாமலும் இருக்கும். ஒன்றிரண்டு துணுக்குகள் மட்டும் எடுத்தால் உள்ள புரதமும் தப்பிவிடலாம். ஆறு முதல் எட்டுத் துணுக்குகள் எடுப்பது நல்லது என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். எடுத்த துணுக்கை உடனே போமலின் திரவத்தில் இட வேண்டும். ஆறு மணித்தியாலத்துக்குக் குறையவும் கூடாது, எழுபத்திரண்டு மணித்தியாலத்தைத் தாண்டவும் கூடாது. ஊரிலிருந்து தூரத்து ஆய்வுகூடத்துக்குப் போகும் துணுக்கு ஒரு நீண்ட வார இறுதியில் எங்காவது மேசையில் கிடந்தால், புரதத்தின் அடையாளம் மங்கிவிடும். மாங்குளத்து நோயாளிக்கும் தலைநகரத்து நோயாளிக்கும் புரதம் ஒன்றுதான். துணுக்கு போகும் வழிதான் வேறு.

அந்த வழியைப் பற்றி மாங்குளத்தாருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2002 ஏப்ரலில் ஏ-9 மக்களுக்குத் திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2008 நவம்பரில் இராணுவம் மாங்குளத்தைக் கைப்பற்றியபோது அண்ணையின் குடும்பம் கிழக்கே நகர்ந்தது. முள்ளிவாய்க்கால்வரை போய், முகாமில் இருந்து, 2010இல்தான் சந்திக்குத் திரும்பினார்கள். 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்ரெம்பரில்தான் மீண்டும் கிளிநொச்சிவரை ஓடியது. அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் வயிற்றெரிவை மாத்திரையால் அடக்கிக்கொண்டிருந்தார். வடக்கின் புற்றுநோயாளர்கள் மகரகமவுக்குப் போக வேண்டியிருந்த காலம்.

2011 ஜூலையில் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்ற இருவர் முன்னின்று, தெற்கே தெவிநுவரவிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றர் நடந்தார்கள். தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை கட்டுவதற்குப் பணம் சேர்க்கும் நடை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கூடவே நடந்தார்கள். அந்த வைத்தியசாலை எழுந்து இன்று இயங்குகிறது. அவர்கள் ஏ-9 வழியாக வந்தபோது சந்தியில் நின்று தண்ணீர் கொடுத்தவர்களில் அண்ணையும் ஒருவர். யாருக்கோ கட்டுகிறார்கள் என்றுதான் அன்று நினைத்திருப்பார்.

எல்லாப் புரதமும் வழிகாட்டுவதில்லை

ஹெர்-2 வெற்றியின் பின்னர் மருந்து நிறுவனங்கள் அடுத்த புரதத்தைத் தேடி ஓடின. மெற் என்ற புரதம் அதிகமாக உள்ள இரைப்பைப் புற்றுநோய் வேகமாகப் பரவுகிறது என்பது தெரிந்ததே. அதன் பாதையை அடைக்கும் றிலொற்றுமுமாப் என்ற மருந்தைப் பரிசோதித்தார்கள். 2014இல் அந்த ஆய்வு இடைநடுவில் நிறுத்தப்பட்டது. மருந்து பெற்றவர்களிடையே இறப்புகள் கூடுதலாக இருந்தன. கெட்ட விளைவைச் சரியாக முன்சொல்லும் ஒரு புரதம், நல்ல மருந்துக்கு வழிகாட்டும் என்று சொல்ல முடியாது.

ஆயினும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கலத்திலுள்ள பரம்பரைப் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று இல்லாமற்போன கட்டிகள், வழமையான மருந்துகளைவிட நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகின்றன. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பி.டி.-எல்.1 என்ற புரதம் போதிய அளவு இருந்த ஹெர்-2 எதிர்மறை நோயாளர்கள், நிவொலுமாப் சேர்த்துப் பெற்றபோது நடுக்கணக்காக 14.4 மாதங்கள் வாழ்ந்தார்கள். சேர்க்காதவர்கள் 11.1 மாதங்கள்.

இனி அந்த இரண்டாவது செய்திக்கு வருகிறேன். கிளோடின் குடும்பத்தில் 18.2 என்ற ஒரு வகை, இரைப்பையின் உட்சுவரில் மட்டும் இருப்பது. நல்ல நிலையில் கலங்களின் இடுக்குகளுக்குள் மறைந்திருக்கும். புற்றுநோயில் கலங்களின் ஒழுங்கு குலையும்போது வெளியே தெரியவரும். ஜேர்மனியில் உகுர் சாஹின், ஒஸ்லெம் துரெசி தம்பதியர் 2008இல் இதை மருந்துக்குரிய இலக்காகக் காட்டினார்கள். பின்னாளில் கொரோனாத் தடுப்பூசியால் உலகம் அறிந்த அதே தம்பதியர். அந்த வழியில் வந்த ஸொல்பெற்றுக்சிமாப் என்ற மருந்துக்கு 2024இல் முதலில் ஜப்பானும் பின்னர் அமெரிக்காவும் அனுமதி வழங்கின. ஹெர்-2 இல்லாதவர்களில் நூற்றுக்கு 38 பேரளவில் இந்தப் புரதம் இருக்கிறது. மூடுதல் என்று பெயரிடப்பட்ட புரதம், 26 ஆண்டுகளின் பின் அண்ணையைப் போன்றவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. அவர் காலமாகி அப்போது ஏழு ஆண்டுகள் கடந்துவிட்டன.

இந்த மருந்துகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் விலையும் நிலைத்து நிற்பதில்லை. 2014இல் பெங்களூரிலிருந்து டிராஸ்டுசுமாப்புக்கு நிகரான மருந்து விற்பனைக்கு வந்தது. 2017 டிசம்பரில் அமெரிக்காவே அதை ஏற்றுக்கொண்டது. இன்று புதிதாக வரும் மருந்துகளுக்கும் அந்தக் காலம் வரும்.

அண்ணைக்குச் சொல்லியிருக்க வேண்டியது

இத்தனை புரதங்களைப் பற்றி எழுதிய பிறகு, வைத்திய நண்பர் ஒருவர் எனக்குச் சொன்னதையும் எழுதாவிட்டால் இன்னொரு பிழையைச் செய்தவனாவேன். நோயாளி எப்படி இருப்பார் என்பதை இன்றும் எல்லாப் புரதங்களையும்விடச் சரியாக முன்சொல்வது, நோய் எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்பதுதான். இரைப்பைச் சுவரின் மேற்படையில் இருக்கும்போதே கண்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். கொரியாவில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டாண்டுக்கொரு முறை இரைப்பையைப் பார்க்கிறார்கள். இலங்கையில் இந்த நோய் கொரியாவையும் ஜப்பானையும்விட மிகக் குறைவு என்பதால் எல்லோரையும் அப்படிச் சோதிக்க வேண்டியதில்லை. சென்னையில் நிலை வேறு. அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பதிவேட்டில் ஆண்களிடையே நீண்டகாலம் முதலிடத்தில் நின்றது இரைப்பைப் புற்றுநோய்தான்.

எல்லோருக்கும் சோதனை இல்லாத நாட்டில், அறிகுறி உள்ளவர் தாமதிக்காமல் போவதுதான் ஒரே வழி. வாரக்கணக்கில் மாறாத வயிற்றெரிவு, சிறிது உண்டதும் வயிறு நிறைதல், காரணமில்லாத மெலிவு, கருநிற மலம், விழுங்கச் சிரமம். இவற்றுள் ஒன்று இருந்தாலும், அதுவும் நாற்பதைத் தாண்டியவராயின், மாத்திரையை மென்றுகொண்டிருக்கக் கூடாது. இரைப்பையில் ஹெலிகொபாக்டர் என்ற கிருமி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் பரி மார்ஷலும் றொபின் வொரனும் 1982இல் வளர்த்துக் காட்டிய கிருமி. 1994இல் அது புற்றுநோய்க் காரணி என்று அறிவிக்கப்பட்டது. சில வார மருந்தில் அதை ஒழிக்கலாம்.

நோய் என்று தெரிந்து அறிக்கை கைக்கு வந்தால், வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? எந்தெந்தப் புரதங்களைப் பார்த்தீர்கள், எவற்றை இன்னும் பார்க்கவில்லை? பார்த்த விடையால் சிகிச்சையில் என்ன மாறும், அந்த மருந்து எங்களுக்குக் கிடைக்குமா? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாவிட்டால், எத்தனை மாதம் என்று கேட்பதிலும் பயனில்லை. எத்தனை மாதம் என்பது ஆயிரம் பேரின் நடுக்கணக்கு. ஒருவருடைய ஆயுளை அது சொல்லாது. இதைத்தான் அன்று நான் அண்ணைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அவருக்கு நோய் ஈரல்வரை பரவியிருந்தது. வழமையான மருந்துகளோடு எட்டு மாதங்கள் இருந்தார். கடைசிவரை தாம் 'எதிர்மறை' என்ற நம்பிக்கையோடு இருந்தார் என்று மகள் சொன்னார். அது நல்லதா கெட்டதா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற முறை மாங்குளம் போனபோது மகள் என்னிடம் கேட்டார்: "மாமா, எங்களுக்கும் வருமோ?"

இந்த முறை நான் உடனே பதில் சொல்லவில்லை. உறவில் வேறு யாருக்கு, எந்த வயதில் இந்த நோய் வந்தது என்று விசாரித்தேன். வேறு எவருக்கும் இல்லை. பரம்பரையாக வரும் வகையாக இது தெரியவில்லை, என்றாலும் வைத்தியரிடம் தந்தையின் கதையைச் சொல்லி அந்தக் கிருமிச் சோதனையைச் செய்துகொள் என்றேன். செய்துகொண்டார். கிருமி இருந்தது. இரண்டு வாரம் மருந்து எடுத்து, பின்னர் மீண்டும் சோதித்தார். அறிக்கையைத் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினார்.

"எதிர்மறை எண்டு போட்டிருக்கு மாமா. இது நல்லதுதானே?"

இது நல்லதுதான் என்றேன். இந்தத் தடவை சரிபார்த்துவிட்டே சொன்னேன்.